நான் அப்பவே சொன்னேன்

எங்கள் வீட்டில் தினக் காலண்டர் தாளுக்கு இரண்டு வேலை. கிழிக்கும்வரை ராகுகாலம், எமகண்டம் பார்க்க. கிழித்த பிறகு, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், பால் கணக்கு எழுத. 2000–01 வாக்கில் அதற்கு மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்தது. சன் டிவியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ வினாடி வினா தொடங்கும் நேரத்துக்கு அக்கா ஒரு தாளை எடுத்துப் பின்பக்கம் கோடு கிழித்து ஐந்து கட்டம் போடுவாள். அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, நான். கேள்வியும் நான்கு விடைகளும் திரைக்கு வந்ததும், சரியான விடை தெரிவதற்குள் ஆளுக்கொரு எழுத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏ, பி, சி, டி. அக்கா எழுதிவிட்டால் எழுதியதுதான், மாற்ற முடியாது.

இந்த ஏற்பாடே அப்பாவால் வந்தது. எந்த விடை சரி என்று தெரிந்தாலும் “நான் அப்பவே சொன்னேன்” என்பார். சொல்லியிருக்க மாட்டார். முனகியிருப்பார். அல்லது இரண்டு விடையைச் சொல்லிவிட்டு, எது பலித்ததோ அதைத் தன் பதிலாக்கிக்கொள்வார். ஒரு நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்துவிட்டாள். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருந்தார்” என்று ஒரு பெரியப்பாவையோ மாமாவையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சின்ன வயதில் பார்த்த நிகழ்ச்சிகள் எத்தனையோ. அவற்றை நினைத்தால் திரையில் ஓடியதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் இதை நினைத்தால் டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்தான் முதலில் வருகிறார்கள். பணம் ஜெயித்தவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு “சி போடு” என்று சொன்னது நினைவிருக்கிறது. பழையதெல்லாம் இனிக்கத்தான் செய்யும், சரி. ஆனால் இந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் ஏன் இப்படி வீட்டோடு ஒட்டிக்கொண்டது? அதற்கான காரணம் அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த நிகழ்ச்சியின் மூல வடிவம் பிறந்தது பிரிட்டனில். டேவிட் பிரிக்ஸ், மைக் ஒயிட்ஹில், ஸ்டீவன் நைட் என்ற மூவர் யோசித்த வடிவம். 1998 செப்டம்பர் 4 அன்று ஐடிவி சேனலில், கிறிஸ் டாரன்ட் நடத்த, முதலில் ஒளிபரப்பானது. மேல்பரிசு 10 லட்சம் பவுண்டு. வினாடி வினாவுக்கு இவ்வளவு பணமா என்று அதுவரை எல்லாரும் பயந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அமெரிக்கா. அங்கே 1950-களில் பெரும்பணம் கொடுத்த போட்டிகள் சிலவற்றில், பங்கேற்பவருக்கு முன்கூட்டியே விடையைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அம்பலமாகி, விஷயம் நாடாளுமன்றக் குழு விசாரணைவரை போனது. பிரிட்டனிலும் தொலைக்காட்சிப் பரிசுகளுக்கு உச்சவரம்பு இருந்து, 1990-களில்தான் விலகியது. பரிசுப் பணத்துக்கு இந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. போட்டியில் சேர விரும்புகிறவர்கள் கூடுதல் கட்டணம் வாங்கும் ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிட வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் கொடுத்த சில்லறை சேர்ந்து ஒருவருக்குப் பெரிய தொகை ஆகும். சீட்டுப் பிடிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு வந்தது 2000 ஜூலை 3, திங்கட்கிழமை. ஸ்டார் பிளஸ் சேனலில் இரவு 9 மணிக்கு, இந்தியில், ‘கௌன் பனேகா குரோர்பதி’. இதே வடிவம் தமிழில் வந்ததுதான் எங்கள் ‘கோடீஸ்வரன்’. நடத்தியவர் அமிதாப் பச்சன், அப்போது வயது 57. சினிமாவில் இறங்குமுகம், சொந்த நிறுவனம் கடனில். பெரிய திரை நட்சத்திரம் சின்னத் திரைக்கு வருவது கௌரவக் குறைச்சல் என்று பேசிய காலம் அது. தயாரிப்பின் பின்னால் இருந்தவர் சித்தார்த்த பாசு. 1980-களில் தூர்தர்ஷனில் ‘குவிஸ் டைம்’ நடத்தியவர். அதே ஜூலை 3 இரவு, அதே சேனலில், மாமியார் மருமகள் நெடுந்தொடர்களின் தாய் என்று சொல்லத்தக்க ‘கியூங்கி சாஸ் பி கபி பஹு தீ’யும் தொடங்கியது. ஒரே ராத்திரியில் இந்திய வீடுகளின் அடுத்த பத்தாண்டு மாலைகளை ஒரே சேனல் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது.

மேல்பரிசு ஒரு கோடி ரூபாய். அந்தத் தொகையின் பெருமை இன்று சொன்னால் விளங்காது. அன்று ஒரு சவரன் மூவாயிரத்துச் சொச்சம். ஒரு கோடி என்றால் ஏறக்குறைய மூவாயிரம் சவரன். இன்று அதே ஒரு கோடிக்கு நூறு சவரன் தேறினால் பெரிது. அப்பா இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். அவருடைய கணக்கு சம்பளத்தில்: “இதுக்கு நான் எத்தனை ஜென்மம் வேலை பார்க்கணும் தெரியுமா?”

இன்னொரு எண்ணையும் இங்கே வைக்க வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 வீடுகளில் 32 வீட்டில்தான் டிவி இருந்தது. தொலைபேசி 9 வீட்டில். ஆக, டிவி இருந்த வீட்டிலும் அது ஒன்றுதான், அதுவும் கூடத்தில். எங்கள் வீட்டு டிவிக்கு எதிரே பாட்டியின் கயிற்றுக் கட்டில், பக்கத்தில் அப்பாவின் ஈசிச்சேர், எனக்கும் அக்காவுக்கும் தரை. இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தை, தன் வீட்டில் கேபிள் இல்லாததால், தட்டில் சாப்பாட்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டே வந்துவிடுவார். நிகழ்ச்சியில் ‘நண்பருக்குப் போன் செய்யலாம்’ என்று வரும்போதெல்லாம், “நமக்கு யாரு போன் பண்ணுவா, பண்ணினாலும் எதுக்குப் பண்ணுவா?” என்பார். அவருக்குத் தெரிந்தவர்களில் போன் வைத்திருந்தவர் மளிகைக் கடைக்காரர் ஒருவர்தான்.

ஒரே டிவி என்பதால் சேர்ந்து பார்த்தோம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே டிவியில் செய்தியும் கிரிக்கெட்டும் நெடுந்தொடரும் ஓடின. கிரிக்கெட்டுக்கு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். தொடருக்கு அப்பா பேப்பரைப் பிரித்துக்கொள்வார். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தது கேள்வி கேட்கப்பட்ட விதம்.

அதற்கு முந்தைய வினாடி வினாக்களை நினைத்துப் பாருங்கள். தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். நான்கு விடை காட்டுவதெல்லாம் கிடையாது. தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும். பார்த்துக்கொண்டிருந்த நமக்கு வாய் பிளப்பதைத் தவிர வேலை இல்லை. “பார், எப்படிப் படிச்சிருக்கான்” என்று நம்மைத் திட்டுவதற்கு அப்பாக்களுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நான்கு விடைகள் திரையில் வந்ததும் அந்த நிலைமை மாறியது. ‘தெரியாது’ என்ற பதிலுக்கே வேலை இல்லாமல் போயிற்று. ஒன்றுமே தெரியாதவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் பிளஸ் டூ படிக்கும் பேத்தியும் ஒரே ஆட்டத்தில் உட்காரலாம், பாட்டி ஜெயிக்கவும் செய்யலாம். கேள்விகளும் பாடப் புத்தகத்தில் நிற்கவில்லை. முதல் ஐந்து கேள்விகள் தெருவில் போகிற யாரும் சொல்லக்கூடியவை: பழமொழியில் விட்டுப்போன சொல், சினிமாப் பாட்டு, சமையல் சாமான். நடுவில் கிரிக்கெட், அரசியல், புராணம். உச்சிக்குப் போகும்போதுதான் உலக வரலாறும் விஞ்ஞானமும். அதாவது ஏணியின் கீழ்ப்படிகள் வீட்டில் உள்ள எல்லாருக்கும் எட்டும் உயரத்தில் இருந்தன.

வரிசைப்படுத்தும் சுற்றில் ஒரு நாள் ராமாயணக் காண்டங்கள் வந்தன. யார் முதலில் சரியாக அடுக்குகிறார்களோ அவருக்குத்தான் பணத்துக்கு ஆடும் நாற்காலி. திரையில் இருந்தவர்கள் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டி கண்ணை மூடிக்கொண்டு “பாலம், அயோத்தியா, ஆரணியம், கிட்கிந்தை, சுந்தரம், யுத்தம்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். கேட்டது நான்குதான், பாட்டி ஆறையும் சொன்னார். சரியான விடை வந்தபோது கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அப்பாவே, தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “அங்க உட்கார்ந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே” என்றார். பாட்டிக்கு அது புரிந்ததா தெரியவில்லை. “எதுக்கு?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை இடித்தார். அந்த வாரம் முழுக்கப் பாட்டியின் கட்டத்துக்குத் தனி மரியாதை. அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் சொல்வேன். அடுத்த வாரம் ஒலிம்பிக் பற்றி ஒரு கேள்விக்கு அவர் சொன்னதை நம்பி மண்ணைக் கவ்வினேன்.

பண ஏணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், அதில்தான் வடிவமைத்தவர்களின் மூளை தெரிகிறது. இந்தி நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் மொத்தம் 15 கேள்விகள். ஆயிரம் ரூபாயில் தொடங்கி, ஐந்தாவது கேள்விக்கு 10,000. அது ஒரு பாதுகாப்புப் படி, பிறகு தவறினாலும் அந்தத் தொகை கையில் நிற்கும். அதற்கு மேல் இரட்டிப்பு: 20,000, 40,000, 80,000, 1,60,000, பத்தாவது கேள்விக்கு 3,20,000. அது இரண்டாவது பாதுகாப்புப் படி. பிறகு 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி. இதன் விளைவு என்னவென்றால், 3,20,000-ஐத் தொட்டவர் அடுத்த கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லலாம், இழக்க ஒன்றுமில்லை. உண்மையான பயம் அதற்கடுத்த படியில் தொடங்குகிறது. 50 லட்சம் கையில் வைத்துக்கொண்டு கோடிக் கேள்விக்குத் தவறாகச் சொன்னால் ஒரேயடியாக 3,20,000-க்கு விழ வேண்டும். நஷ்டம் 46,80,000.

சுத்தமான கணக்குப்படி, விடையில் 49 சதவீத நம்பிக்கை இருந்தாலே அந்த இடத்தில் ஆடிவிடலாம், சராசரியில் லாபம்தான். யாராவது ஆடுவார்களா? பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். ஏனென்றால் சராசரி என்பது பலமுறை ஆடுகிறவனுக்கு. இவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அந்த நாற்காலியில் உட்காருவார். முதல் 50 லட்சம் அவருடைய கடனை அடைக்கும், வீட்டைக் கட்டும், தங்கை கல்யாணத்தை முடிக்கும். இரண்டாவது 50 லட்சம் அந்த அளவுக்கு எதையும் மாற்றிவிடாது. எங்கள் வீட்டில் அதைப் புரிந்துகொண்டவர் அம்மா. அவருடைய கட்டத்தில் மட்டும் ஏ, பி, சி, டி நடுவே அடிக்கடி ‘எ’ என்று ஓர் எழுத்து இருக்கும். எழுந்து வந்துவிடு என்பதன் சுருக்கம். விடை தெரிந்தாலும் அம்மா திரையைப் பார்த்து “போதும், எழுந்து வாப்பா” என்பார். அப்பா “தெரிஞ்சவன் ஏன் எழுந்து வரணும்?” என்று கேட்க, அதிலிருந்து வேறெங்கோ போய், எப்போதோ அப்பா வாங்காமல் விட்ட மனையில் வந்து நிற்கும். நிகழ்ச்சி அரை நிமிஷம் ஓடிய பிறகுதான் இருவருக்கும் கேள்வி ஞாபகம் வரும்.

ஒரு பக்கக் குறிப்பு. இந்தப் பரிசுகள் வந்த வேகத்தில் வருமான வரிச் சட்டமே கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. லாட்டரி, சீட்டாட்டம் முதலியவற்றில் ஜெயிக்கும் பணத்துக்கான விதிக்குள் தொலைக்காட்சிப் போட்டிகளும் அடங்கும் என்று 2001 நிதிச் சட்டம் தெளிவாக எழுதிச் சேர்த்தது. இன்று அதற்கு 30 சதவீத வரி. ஒருவர் ஜெயித்ததும் கைதட்டுவதற்கு முன் “கைக்கு எவ்வளவு வரும்” என்று கணக்குப் போட்ட அப்பாக்கள் தப்பான ஆட்கள் இல்லை.

உதவி கேட்கும் மூன்று வழிகளும் குடும்பத்துக்கென்றே செய்தவை போல இருந்தன. இரண்டு தவறான விடைகளை நீக்குவது, அரங்கத்தில் இருப்பவர்களைக் கேட்பது, நண்பருக்குப் போன் செய்வது. தமிழனுக்கு மூன்றாவது ஒன்றும் புதிதல்ல. பாண்டியன் ஆயிரம் பொன் அறிவித்தபோது தருமி செய்தது என்ன? சொக்கநாதரிடம் போன் போட்டுக் கேட்டதுதான். அவருக்கும் அங்கே ஒரு நக்கீரர் காத்திருந்தார் என்பது வேறு கதை. அமெரிக்கப் பதிப்பில் அரங்கத்தினர் சொன்னது 91 சதவீதம் சரியாகவும், போனில் கேட்ட நண்பர் சொன்னது 65 சதவீத அளவில் சரியாகவும் இருந்ததாக ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. ஊர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் ஊரும் தவறும். பிரான்சில் ஒருமுறை பூமியைச் சுற்றுவது எது என்ற கேள்விக்கு அரங்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சூரியன் என்று பொத்தானை அழுத்தினார்கள், ஆடியவரும் அதை நம்பித் தோற்றார்.

இப்போது அந்த நிமிடத்துக்கு வருகிறேன். விடை சொல்லியாயிற்று. அமிதாப் உடனே சரியா தவறா என்று சொல்ல மாட்டார். “உறுதியா? லாக் கியா ஜாயே?”, அதாவது பூட்டிவிடலாமா, என்பார். பிறகு ‘கம்ப்யூட்டர்ஜி’யிடம் சொல்லிப் பூட்டுவார். பூட்டிய பிறகும் சொல்ல மாட்டார். தண்ணீர் குடிப்பார், போட்டியாளரின் அம்மாவைப் பார்த்து வணக்கம் சொல்வார். விளக்குகள் மங்கிக் கிடக்கும், அடியில் இதயத் துடிப்புப் போல இசை. அந்த இசையை எழுதியவர்கள் கீத் ஸ்ட்ராக்கன், மாத்யூ ஸ்ட்ராக்கன் என்ற தந்தையும் மகனும். கேள்வி ஏற ஏற, பின்னணி இசையின் சுருதியும் ஒவ்வோர் அரைச்சுரமாக ஏறும்படி அமைத்தார்கள். வீட்டில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை, ஆனால் பத்தாவது கேள்விக்கு மேல் அத்தை தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்திருப்பார்.

அந்த இடைவெளி எதற்கு? பரபரப்புக்கு, அதைவிட முக்கியமாக விளம்பரத்துக்கு. பூட்டிய விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் சோப்பும் டீத்தூளும் விற்றார்கள். வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் காலியாக விட்ட அந்த நிமிடத்தில்தான் நாங்கள் பேசினோம். ஏன் ‘பி’ என்று அப்பா விளக்குவார், அக்கா மறுப்பாள். நான் எதையாவது சொல்லி “உனக்கென்ன தெரியும்” என்று வாங்கிக் கட்டிக்கொள்வேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடிவந்து “சொல்லிட்டானா?” என்பார். வேறெந்த நிகழ்ச்சியில் பேசினாலும் “ஷ்ஷ்” என்று அடக்குவார்கள். இதில் பேசினால்தான் ஆட்டம்.

மற்ற நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ நல்ல நிகழ்ச்சி, அதையும் குடும்பமாகத்தான் பார்த்தோம். ஆனால் அதில் நாம் நடுவர்கள். சுருதி விலகிற்று என்று சொல்லலாம், போட்டியாளரோடு சேர்ந்து பாடி ஜெயிக்க முடியாது. ரம்யா கிருஷ்ணனின் ‘தங்க வேட்டை’யும் ஜெயா டிவியில் குஷ்புவின் ‘ஜாக்பாட்’டும் விளையாட்டுதான், கூடவே புடவையும் நகையும் பார்க்கிற சுகம். அப்புறம் எஸ்எம்எஸ் வாக்கு வந்து நம்மை வாக்காளர்கள் ஆக்கிவிட்டது. பார்க்கிற நாமும் நாற்காலியில் இருப்பவரும் அதே கேள்விக்கு அதே கணத்தில் பதில் தேடியது வினாடி வினாவில்தான். நமக்குப் பணம் இல்லை, அவமானமும் கூடத்தைத் தாண்டாது.

நிகழ்ச்சி அதற்குப் பிறகு காணாமல் போய்விடவில்லை. இந்தியில் 2007-ல் ஷாருக் கான் ஒரு பருவம் நடத்தினார், 2010-ல் சோனிக்கு மாறி மறுபடி அமிதாப். 2011-ல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து வந்த சுஷில் குமார் 5 கோடி ஜெயித்தார். தமிழில் 2012-ல் விஜய் டிவி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று சூர்யாவை உட்காரவைத்தது, அடுத்தடுத்த பருவங்களில் பிரகாஷ் ராஜ், அரவிந்த் சாமி. 2019 இறுதியில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான ‘கோடீஸ்வரி’. நடத்தியவர் ராதிகா. கணவர் உட்கார்ந்த ஆசனத்தில் இருபது ஆண்டு கழித்து மனைவி. அதில் 2020 ஜனவரியில் ஒரு கோடியை ஜெயித்தவர் மதுரையைச் சேர்ந்த, செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண். அந்த நாள் பகுதியைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்கலாம், இந்த வடிவத்தின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அது என்பேன்.

ஆக, நிகழ்ச்சி இருக்கிறது, இசை இருக்கிறது, அமிதாப்கூட இருக்கிறார். ஆனாலும் அந்தப் பழைய மாலை வரவில்லை என்று நண்பர்கள் புலம்பும்போது, வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. ஆட்டத்திலும் சில மாற்றங்கள் நடந்தன. முதலாவது கடிகாரம். ஆரம்பத்தில் போட்டியாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். பிற்கால இந்திப் பருவங்களில் முதல் கேள்விகளுக்கு 45 விநாடி, அடுத்தவற்றுக்கு 60 விநாடி என்று வரம்பு வந்தது. நிகழ்ச்சி விறுவிறுப்பானது உண்மை. ஆனால் 45 விநாடியில் அப்பாவும் அக்காவும் சண்டை போட்டு முடிக்க முடியாது. பாட்டிக்குக் கேள்வியைத் திருப்பிச் சொல்லவே முப்பது விநாடி ஆகும்.

இரண்டாவது, கையில் இருக்கும் போன். அமெரிக்காவில் 2010 ஜனவரியில் ‘நண்பருக்குப் போன்’ உதவியையே எடுத்துவிட்டார்கள். மறுமுனையில் இருப்பவர் யோசிப்பதை விட்டுவிட்டு இணையத்தில் தேட ஆரம்பித்ததுதான் காரணம். அரங்கத்தில் நடந்தது கூடத்திலும் நடந்தது. போன வருஷம் அக்கா வீட்டில் எல்லாருமாக ஒரு பகுதி பார்த்தோம். கேள்வி வந்து மூன்று விநாடி ஆகியிருக்காது, அக்கா மகன் போனைப் பார்த்து விடையைச் சொல்லிவிட்டான். அவன் செய்தது தப்பில்லை, அறிவுள்ள எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். ஆனால் சரியான விடை சொல்லப்பட்ட பிறகு கூடத்தில் எவருக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லை. அப்பாகூட எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது எனக்கு வேடிக்கையானது. வீட்டிலிருந்தே ஆடுகிறவர்களுக்கென்று சேனலே செயலி கொண்டுவந்தது. திரையில் கேள்வி வரும்போதே போனில் பொத்தானை அழுத்திப் புள்ளி சேர்க்கலாம். அக்கா காலண்டர் தாளில் செய்த அதே வேலைதான், இன்னும் துல்லியமாக, பரிசோடு. ஒரே வித்தியாசம், நான் தப்பாகச் சொன்னது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. “நான் அப்பவே சொன்னேன்” என்று பொய் சொல்லவும் வழியில்லை, உண்மையைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. ஒரே சோபாவில் மூன்று பேர், மூன்று போன், மூன்று மதிப்பெண்.

யூடியூபில் பழைய பகுதிகள் சில கிடைக்கின்றன. ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து இந்தி முதல் பருவத்தின் ஒரு துண்டைப் பார்த்தேன். கேள்வி வந்தது, பதில் பூட்டப்பட்டது, அமிதாப் வழக்கம்போல் இழுத்தார். அந்த இழுவை எனக்குத் தாங்கவில்லை. பத்து விநாடி முன்னே தள்ளிவிட்டேன்.

பாட்டி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சென்ற தை மாதம் ஊர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, பஞ்சாங்கங்களும் ரேஷன் ரசீதுகளும் கட்டியிருந்த ஒரு மூட்டையில், மடித்த காலண்டர் தாள் ஒன்று அகப்பட்டது. முன்பக்கம் 16 என்ற எண் சிவப்பில் தெரிகிறது. மாதமும் வருஷமும் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பின்பக்கம் அக்காவின் கையெழுத்தில் ஐந்து கட்டம். ஒன்பது கேள்விக்கு எழுதியிருக்கிறாள். அம்மா கட்டத்தில் கடைசி இரண்டும் ‘எ’. பாட்டி கட்டத்தில் ஏழு ‘சி’. அப்பா கட்டத்தில் ஓர் இடத்தில் ‘பி’ என்று எழுதி அடித்து ‘டி’ என்று மாற்றி, பக்கத்தில் ‘செல்லாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள்.

கேள்விகளை அவள் எழுதவில்லை. சரியான விடையையும் எழுதவில்லை, யார் ஜெயித்தார்கள் என்றும் இல்லை. தாளைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். முதல் பதில் அப்பாவிடமிருந்து வந்தது, குரல் பதிவாக, நாற்பது விநாடி. அந்த ‘டி’தான் சரி என்று அவர் அன்றைக்கே சொன்னாராம்.